மாவுக்கட்டு

டிரெய்லர் ஏறியது செருப்பில் என்றுதான்
முதலில் நினைத்தேன்.
ஜீரோ கேட்டில் அன்றைக்கு அவ்வளவு நெரிசல்.
மூன்று மாதம் அசையக்கூடாது என்றார்கள் ஸ்டான்லியில்.

அதே வாரம் பள்ளிக்கூடத்திலும் கூப்பிட்டுச் சொன்னார்கள்:
ஜெசிந்தா வகுப்பில் வாயே திறப்பதில்லை,
ஜூன் வரைக்கும் வீட்டில் வைத்துப் பாருங்கள்.
வீட்டில் அவள் வாயை மூடவைக்க
நாங்கள் ஆள் தேடிக்கொண்டிருந்தோம்.

பிலோமினா எம்.சி. ரோட்டுக்கு பில் போடப் போய்விடுவாள்.
மிச்சம் நாங்கள் இரண்டு பேர்,
மூன்று நல்ல கால்,
ஒரு எட்டாம் வகுப்பு ஃபெயில்.

முதல் நாள் நோட்டைத் திறந்தேன். மூடினாள்.
திறந்தேன்.
அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் நோட்டை விட்டுவிட்டேன்.
கேரம் போர்டை இறக்கி
ஆடலாம் என்று பவுடரைக் கொட்டினேன்.
விரலால் ஒரு சுழி போட்டாள், ஒரு வளைவு இழுத்தாள்.
இன்னாடி இது?
'அ'ப்பா. கால் மட்டும் இன்னும் வரல.

லாரித் தண்ணி வந்த அன்றைக்கு
ஒரு குடத்துக்கு எத்தனை சொம்பு என்று ஊற்றிப் பார்த்தோம்.
நான் பதிமூன்று மொண்டு கொடுத்தேன்.
குடத்துக்குப் போய்ச் சேர்ந்தது பதினொன்று என்றாள்.
மீதி?
தரையைக் காட்டினாள்.
கழித்தல் அவளுக்கு அப்படித்தான் வந்தது.
பிலோமினா வந்து துடைத்தபடியே திட்டியதும்
பாடத்தில் சேர்த்தி.

பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்தோம்.
கயிறு கட்டி மாடியிலிருந்து தெருவுக்கு விட்டாள்.
மூன்று சோடா மூடி, ஒரு ஆணி.
கீழ்வீட்டு இம்தியாஸின் சைக்கிளில் போய் ஒட்டிக்கொண்டது.
இழுத்தாள், அவன் கத்தினான்.
மறுநாள் அவனும் ஒரு கயிறோடு மேலே வந்தான்.

ஜன்னல் வழியே எண்ணூர் ரோட்டைப் பார்த்தால்
வரிசையாக நிற்கும் கண்டெய்னர்.
நாலு இங்கிலீஷ் எழுத்து, ஏழு நம்பர்.
அவள் படிப்பாள், இம்தியாஸ்
நிறத்துக்கு ஒரு வரிசையாக மூடி அடுக்குவான்.
நீலம் பதினாலு, சிவப்பு ஒன்பது, பச்சை மூணு.
நடுவில் என் வண்டி போனது.
வேறு யாரோ ஓட்டினான். மேலே பெட்டி இல்லை.
அதை எங்கே வைக்கிறது என்று கேட்டாள்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
ஒரு மூடியைக் கவிழ்த்து
எந்த வரிசையிலும் சேராமல் வைத்தாள்.

ஒருநாள் கா எழுதும்போது சொன்னேன்,
'க' பக்கத்தில் நிற்கிறதே, அதுக்குப் பேர் துணைக்கால்.
கட்டிலில் சாய்த்திருந்த கட்டையைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
அப்போ நீ நெடிலாப்பா?

பிறகு அவளுக்குப் பலகை என் மாவுக்கட்டுதான்.
முட்டிக்குக் கீழே உயிர், கணுக்காலில் மெய்.
'ழ' மட்டும் ஒன்பது தடவை எழுதியிருப்பாள்,
ஒன்பதும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும்.
உள்ளே அரிக்கும்.
ஸ்கேலை விட்டுச் சொறிந்துவிட்டு
எத்தனை சென்டிமீட்டர் போனது என்று சொல்வாள்.

கட்டு பிரிக்கிற அன்றைக்கு
எங்களுக்கு முன்னால் இருபது பேர்.
முறை வந்து மெஷின் ஓடத் தொடங்கியதும்
அறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்:
அண்ணா, 'ழ'வை வெட்டாதீங்க!

அவர் மெஷினை நிறுத்தினார்.
எந்த 'ழ'ம்மா?
குனிந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள்.
இரண்டு தப்பிக்கவில்லை.

இரண்டு பாதியையும் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து வந்தோம்.
ஒன்றில் மண் போட்டு வெந்தயம் தூவியிருக்கிறாள்.
மூன்றாம் நாள் முளைத்துவிட்டது,
குதிகால் பக்கம் மட்டும் கொஞ்சம் தாமதம்.

ஜூனுக்கு இன்னும் ஐந்து வாரம்.
கட்டையை ஊன்றித்தான் நடக்கிறேன்.